துக்கம் விசாரிக்க ஒரு மடக்கு நாற்காலி

ப்ளூஸ் இசையைச் சின்ன ஊரில்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சுமாரான மேடை, கொஞ்சம் கரகரக்கிற ஸ்பீக்கர், மண்டையைப் பிளக்கிற வெயில், கையோடு கொண்டுபோன மடக்கு நாற்காலி, பாடுகிறவர் வியர்வையைத் துடைத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரிகிற தூரம். இவ்வளவும் இருந்தால் அது ப்ளூஸ். இல்லாவிட்டால் ப்ளூஸைப் பற்றிய தகவல். இப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் சண்டைக்கு வருவார்கள். ஒலித்தட்டு சேர்க்கிறவர்கள், துல்லியமான பதிவு வீட்டிலேயே இருக்கும்போது எறும்புக்கடி வாங்கிக்கொண்டு மைதானத்தில் உட்காருவானேன் என்பார்கள். இசைப் பித்து இல்லாதவர்களோ, சோகத்தைக் காசு கொடுத்தா கேட்க வேண்டும், வீட்டில் இலவசமாகக் கிடைப்பது போதாதா என்பார்கள். இரண்டாவது கேள்வி கனமானது. முதல் கேள்வியில், கேட்கிறவரிடம் விலை உயர்ந்த ஸ்பீக்கர் இருக்கிறது என்பதைத் தவிர வேறு செய்தி இல்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது. ஓர் ஊரைப் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா என்று சொல்லப்படும் பருத்திச் சமவெளியில், கிளார்க்ஸ்டேல் என்றோர் ஊர். 2020 கணக்கெடுப்பில் 15,000 பேர்கூடத் தேறவில்லை. 61-ஆம் நெடுஞ்சாலையும் 49-ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கிற நாற்சந்தியில் ராபர்ட் ஜான்சன் என்கிற பாடகர் நள்ளிரவில் சாத்தானுக்கு ஆத்மாவை விற்று கிடார் வித்தையை வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. அதன் ஞாபகமாக நீல நிற கிடார்களைக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்கிற வேறொரு பாடகரைப் பற்றிச் சொல்லப்பட்டது. கால ஓட்டத்தில் ராபர்ட்டின் கணக்கில் ஏறிவிட்டது. ராபர்ட் 1938-ல் கிரீன்வுட் பக்கத்தில் இறந்தார். ஆத்மாவை ஒரே தடவை விற்ற அந்த மனிதருக்கு மூன்று வெவ்வேறு இடங்களில் கல்லறைக் கல் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் 2004 முதல் வருஷந்தோறும் ஏப்ரலில் ஜூக் ஜாயின்ட் திருவிழா நடக்கிறது. ஜூக் ஜாயின்ட் என்பது கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை ராத்திரி குடித்து, ஆடி, சூதாடி, சண்டை போட்டுத் தீர்த்த கொட்டகை. பகலில் கடை வாசல்களிலும் தெருமுனைகளிலும் சின்னச் சின்ன மேடைகள் போட்டு இலவசமாகவே வாசிக்கிறார்கள். இருட்டிய பிறகு கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்கலாம். நடுவில் பன்றிப் பந்தயமும் உண்டு. பன்றிப் பந்தயம் நடக்கிற தெருவில் நின்றுகொண்டு யாரும் சங்கீதத்தைப் பற்றி ரொம்பவும் அலட்டிக்கொள்ள முடியாது. இந்தத் திருவிழா எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

இனி, இந்தப் பாட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். என் வழக்கின் முக்கியச் சாட்சி அதுதான். வழக்கமான ப்ளூஸ் பாட்டு, நாலு நாலு எண்ணிக்கையாகப் பன்னிரண்டு வட்டம் சுற்றி வரும். அதில் மூன்று வரி. முதல் வரியைப் பாடுவார். அதையே, அநேகமாக ஓர் எழுத்தும் மாறாமல், மறுபடி பாடுவார். மூன்றாவது வரியில் விஷயத்தை முடிப்பார். ஒவ்வொரு வரிக்கும் நாலு வட்டம் ஒதுக்கியிருந்தாலும் பாட்டு ஏறக்குறைய பாதியிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி காலி. அந்தக் காலியிடத்தில் கிடார் பதில் சொல்லும், அல்லது மவுத் ஆர்கன் பதில் சொல்லும், அல்லது மூன்றாவது வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள் பதில் சொல்லுவார். துக்கம் விசாரிக்கப் போய்வந்தவர்களுக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. "காலையிலகூட நல்லாக் காபி சாப்பிட்டார்" என்பார் அந்த வீட்டம்மாள். நாம் உச்சுக் கொட்டுவோம். "காலையிலகூட நல்லாக் காபி சாப்பிட்டாருங்க" என்று அதே வரி திரும்பி வரும். மறுபடி உச்சு. மூன்றாவது வரி யாரும் எதிர்பாராத திசையில் போகும்: "சீட்டுக் கட்டின ரசீதை எங்க வச்சார்னு மட்டும் சொல்லாமப் போயிட்டார்." யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திண்ணைக்கு எழுந்து போவார். முதல் வரி இரண்டு தடவை வருவதால் கேட்கிறவருக்குக் கூடச் சேர்ந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. சொல்கிறவருக்கு மூன்றாவது வரியை அந்த இடத்திலேயே யோசித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. உச்சுக் கொட்ட ஆளே இல்லாமல், சுவரைப் பார்த்து அந்த அம்மாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ, அதுதான் ஒலித்தட்டில் கேட்கிற ப்ளூஸ். ஐம்பதாயிரம் பேர் உட்காருகிற ஸ்டேடியத்திலும் கதை மாறுவதில்லை. அங்கே உச்சுக் கொட்ட ஆள் இருக்கிறார்கள். சத்தம் பாடகரின் காதுவரை போய்ச் சேராது.

ஒலித்தட்டுக்காரர்கள் இந்த இடத்தில் ராபர்ட் ஜான்சனையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். 1936-ல் சான் அன்டோனியோவிலும் 1937-ல் டாலஸிலுமாக அவர் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டு. உலகம் அவரை அந்தத் தட்டுகள் வழியாகத்தானே தெரிந்துகொண்டது என்பார்கள். வாஸ்தவம். அந்தப் பாட்டுகள் எல்லாமே ஏன் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுகின்றன என்றும் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். அவருக்கு நெஞ்சில் எவ்வளவு துக்கம் இருந்தது என்று கம்பெனி கேட்கவில்லை. அரக்கில் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தது. கொட்டகையில் ஆட வந்தவர்களுக்கு வாசிக்கிறபோது கணக்கே வேறு. கால் ஓயும்வரை பாட்டு ஓடும்; தெரிந்த வரி தீர்ந்தால் வேறு பாட்டிலிருந்து நாலு வரி கடன் வாங்குவார்கள்; அதுவும் தீர்ந்தால் எதிரில் ஆடுகிறவரின் சட்டையைப் பற்றிப் பாடுவார்கள். தட்டின் அளவையே நாம் இசையின் அளவு என்று நம்பிவிட்டோம்.

கேட்கிற கூட்டம்தான் இந்த இசையைத் தீர்மானித்தது என்பதற்கு டபிள்யூ. சி. ஹாண்டியின் வாக்குமூலமே இருக்கிறது. 'ப்ளூஸின் தந்தை' என்று தம் சுயசரிதைக்குத் தாமே தலைப்பு வைத்துக்கொண்டவர். அடக்கம் கொஞ்சம் குறைவு. ஆனால் தமக்குப் பெருமை சேர்க்காத ஒரு சம்பவத்தையும் ஒளிக்காமல் அதில் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில், மிசிசிப்பியில் கிளீவ்லண்ட் என்கிற சின்ன ஊரில், ஒரு நடன நிகழ்ச்சிக்கு ஹாண்டியின் ஒன்பது பேர் கொண்ட குழு வாசித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த படிப்பாளிகள். கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது: உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது வாசிக்க முடியுமா? ஹாண்டி ஏதோ வாசித்துப் பார்த்தார். இரண்டாவது சீட்டு வந்தது: உள்ளூர்ப் பையன்கள் கொஞ்ச நேரம் வாசிக்கட்டுமா? அடிபட்ட கிடார், ஒரு மாண்டலின், தேய்ந்துபோன ஒரு பாஸ் வாத்தியம் ஆகியவற்றோடு மூன்று பேர் வந்தார்கள். முடிவும் தொடக்கமும் தெரியாத ஒரே சுழலை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் காலடியில் வெள்ளி நாணயங்கள் வந்து விழ ஆரம்பித்தன. ஹாண்டியின் ஒன்பது படிப்பாளிகளுக்கு அன்றைக்குப் பேசியிருந்த மொத்தக் கூலியைவிட அதிகமாக அங்கே கிடந்தது. எந்த விமர்சகரும் எழுத முடியாத விமர்சனம் அது. அதற்குப் பிறகுதான் ஹாண்டி இந்த ஊர்ப்புறத்து இசையை உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். இன்றைக்கும் சின்ன ஊர்த் திருவிழாக்களில் பாடகரின் காலடியில் வைத்திருக்கும் டிப்ஸ் வாளி அந்த நாணயங்களின் வாரிசு. அறுநூறு டாலர் கொடுத்து முன்வரிசை டிக்கெட் வாங்கியவர் பாட்டு பிடிக்காவிட்டாலும் பிடித்ததாகச் சாதிப்பார். போட்ட காசு அவரைப் பேசவிடாது. வாளிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்பது அடுத்த குற்றச்சாட்டு. கிடார்க்காரர்கள் 'கார்ட்' என்று சொல்கிற சுரக்கூட்டுகளில் மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு நூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டுவார்கள். நான் மறுக்கப் போவதில்லை. சில ஊர்களில் மூன்றே அதிகம். மிசிசிப்பியின் வடக்கே மேட்டுப்பாங்கான பகுதியில் ஆர். எல். பர்ன்சைடும் ஜூனியர் கிம்ப்ரோவும் ஒரே கார்டில் உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டார்கள். அதே வட்டாரத்தில், கிராவல் ஸ்பிரிங்ஸ் என்கிற கிராமத்தில், ஓத்தா டர்னர் என்கிற விவசாயி மூங்கில் மாதிரியான நாணலை வெட்டி, காய்ச்சிய கம்பியால் துளை போட்டுக் குழல் செய்தார். அவர் குழல் ஊத, பின்னால் முரசுகள் வர, வருஷந்தோறும் தொழிலாளர் தின வார இறுதியில் தம் நிலத்தில் ஆடு அடித்து ஊருக்குச் சோறு போட்டார். அங்கே கார்ட் என்கிற பேச்சே இல்லை. 2003-ல் அவர் காலமான பிறகு பேத்தி ஷார்டே தாமஸ் குழலையும் ஆட்டையும் ஏற்றுக்கொண்டார். இன்னும் தெற்கே பென்டோனியா என்று ஓர் ஊர். ஐந்நூறு பேர்கூட இல்லை. அங்கே கிடார் நரம்புகளை மைனர் சுதியில் இறக்கிக் கட்டுகிற ஒரு தனி வழக்கம் உண்டு. ஸ்கிப் ஜேம்ஸ் உலகுக்குக் காட்டிய அந்தச் சத்தம் பக்கத்து ஊரில் கேட்காது. ரயில் பாதையை ஒட்டி 1948-ல் பெற்றோர் தொடங்கிய ப்ளூ ஃப்ரன்ட் கஃபேயை ஜிம்மி 'டக்' ஹோம்ஸ் ஏற்று நடத்தினார், அந்தச் சுதியில் தாமும் வாசித்தார். 1972-லிருந்து ஊருக்கென்று ஒரு திருவிழாவும் இருக்கிறது. ஆக, ஒரே மாதிரி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? பத்து ஊர்க்காரர்களின் பாட்டையும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்துக் கேட்டவர்கள். ஊர் ஊராகப் போனால் வித்தியாசம் தானாகப் பிடிபடும். வழியில் ஒவ்வொரு ஊரிலும் சாப்பாடு மாறுவது கூடுதல் லாபம்.

இனி அந்தக் கனமான கேள்வி. சோகப் பாட்டில் என்ன சந்தோஷம்? பதிலை டி-மாடல் ஃபோர்டிடம் விடுகிறேன். கிரீன்வில் நகரத்துக்காரர். மரம் வெட்டினார், லாரி ஓட்டினார், சிறையிலும் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள் மனைவி (ஐந்தாவது மனைவி) அவருக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது அவரே சொல்லிவந்த கதை. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. தாமே தடவித் தடவிக் கற்றார். கற்றதை வைத்து உலகம் சுற்றினார். 2013-ல் இறக்கும்போது அவருக்கு என்ன வயது என்பதில்கூட ஒரு கணக்கு இல்லை. பாட்டுக்கு நடுவில் நிறுத்தி, விஸ்கிக்கு நேரமாகிவிட்டது என்று பிராண்டு பெயரோடு அறிவிப்பார். மனைவி விட்டுப் போனது சோகம்தான். ஆனால் போகிறவர் கிடார் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஒருவர் மேடையில் நின்று சொல்லும்போது, எதிரில் இருக்கிறவர்கள் அழமாட்டார்கள். ப்ளூஸ் முழுக்க இந்த மாதிரித்தான். ராபர்ட் ஜான்சனுக்கு நன்றாக விற்ற பாட்டு டெராபிளேன் என்கிற காரைப் பற்றியது. இரண்டு வரி கேட்டதும் பழுதானது கார் இல்லை என்பது குழந்தைகளைத் தவிர எல்லாருக்கும் விளங்கிவிடும். சமையலறை, அடுப்பு, ரயில் இஞ்சின் என்று இந்தப் பாடகர்கள் தொடாத இரட்டை அர்த்தம் இல்லை. டெல்டாவின் ஆதிப் பெரியவர்களில் ஒருவரான சார்லி பேட்டன் கிடாரைத் தலைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு நடுவிலும் வைத்து வாசிப்பார். என்ன இது கோமாளித்தனம் என்று கூட வாசித்த சன் ஹவுஸ் சலித்துக்கொண்டார். இதெல்லாம் தட்டில் தெரியாது. தட்டில் பேட்டன் மிகவும் கஷ்டப்பட்ட மனிதராகக் கேட்கிறார். முழங்காலுக்கு நடுவில் கிடாரை வைத்திருந்தால் யாருக்குமே கஷ்டம்தான்.

சத்தம் சரியில்லை, வசதி போதவில்லை என்கிற புகாருக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 1949-ல் ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்கிற இடத்தில் ஒரு கொட்டகையில் பி. பி. கிங் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு, நடுத்தரையில் ஒரு பாத்திரத்தில் மண்ணெண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் சண்டை போட்டு அதைத் தட்டிவிட, கொட்டகை பற்றிக்கொண்டது. வெளியே ஓடிவந்த கிங், கிடாரை உள்ளே விட்டுவிட்டது ஞாபகம் வந்து மறுபடி நெருப்புக்குள் போய் எடுத்துவந்தார். சண்டை லூசில் என்கிற பெண்ணுக்காக என்று தெரிந்ததும், இனிமேல் இந்த மாதிரி முட்டாள்தனம் செய்யக் கூடாது என்பதற்காகக் கிடாருக்கே அந்தப் பெயரை வைத்தார். சின்ன இடத்தை ஆதரிக்கிறேன் என்பதற்காக நடுத்தரையில் மண்ணெண்ணெயை எரிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. தீயணைப்பு விதிகளுக்கும் எனக்கும் விரோதம் இல்லை. ஆனால் மின்விசிறி சரியில்லை என்று புகார் சொல்கிறவர் இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சத்தத்தைப் பற்றிப் படித்தவர்கள் சொல்வதையும் அப்படியே நம்புவதற்கில்லை. 1958-ல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்குப் போய்த் தம் சிகாகோ பாணியில் மின்சார கிடாரை முழுச் சத்தத்தில் வைத்தபோது, கிராமத்து இசை கேட்க வந்திருந்த சில ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கிராமத்திலிருந்து வந்தவர் அவர். கிராமம் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் அவர்கள்.

அந்தக் கனமான கேள்வியைத் தவிர, இதுவரை வந்தவை சில்லறை ஆட்சேபங்கள். இன்னும் ஒன்றும் அப்படி இல்லை. சின்ன ஊர், சின்ன ஊர் என்கிறாயே, பாடியவர்கள் முதல் வேலையாக அங்கிருந்து தப்பித்து ஓடினார்களே என்று கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். மடி வாட்டர்ஸ் கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1943-ல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அதே ஊருக்கு வெளியே ஹாப்சன் பண்ணையில் 1944-ல், விதைப்பு முதல் அறுவடை வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்திப் போகம் எடுத்துக் காட்டினார்கள். குனிந்து பருத்தி எடுத்தவர்களுக்கு அதோடு வேலை போயிற்று. இன்றைக்கு அந்த ஹாப்சன் பண்ணையில் பழைய குத்தகைத் தொழிலாளர் குடிசைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ராத்திரி வாடகைக்கு விடுகிறார்கள். அந்தக் குடிசையில் பிறந்தவர்கள் வெளியேறக் காசு சேர்த்தார்கள். இப்போது வருகிறவர்கள் உள்ளே படுக்கக் காசு கட்டுகிறார்கள். மடி வாட்டர்ஸ் இருந்த மரக் குடிசையைப் பலகை பலகையாகப் பிரித்தெடுத்து, ஓர் இசைக் கம்பெனி சில வருஷம் ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோயிற்று. அவர் இறந்த பிறகு அவர் வீடு டூர் போனது. இப்போது அது கிளார்க்ஸ்டேல் டெல்டா ப்ளூஸ் மியூசியத்துக்குள் இருக்கிறது. ஊரில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். திருவிழாவில் மடக்கு நாற்காலி விரிக்கிறவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளையர்கள். இதையெல்லாம் பார்க்கும்போது சங்கடம் வராமல் இருந்தால்தான் கோளாறு. அந்தச் சங்கடத்தை நான் சமாதானம் சொல்லித் தட்டிவிடப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும்: அவர்கள் ஓடியது பருத்திக் காட்டிலிருந்து, சனிக்கிழமை ராத்திரியிலிருந்து அல்ல. சிகாகோவில் இறங்கியவர்கள் அங்கேயும் தெற்குப் பகுதியின் குறுகிய மதுக்கடைகளில்தான் வாசித்தார்கள், மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நடைபாதையில் வாசித்தார்கள். கேட்டவர்களில் பலர் டெல்டாவிலிருந்து வந்தவர்கள். ஊரை விட்டுப் போனவர்கள் கூட்டத்தையும் அளவையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். வாளியில் விழுகிற டாலர் உள்ளூரில் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துப் போடுவது, போகிறவர்கள் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

கிழவர்கள் இசை, இன்னும் பத்து வருஷத்தில் முடிந்துவிடும் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1999-ல் கிளார்க்ஸ்டேலில் பிறந்த கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்க்ரம், மேலே சொன்ன மியூசியம் நடத்துகிற வகுப்பில் கற்றுக்கொண்ட பையன். வடக்கு மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணான 662-ஐயே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் போட்டு 2022-ல் கிராமி வாங்கினார். இந்தக் குற்றச்சாட்டுக்கு இவ்வளவு போதும்.

அப்படியானால் ப்ளூஸ் கேட்க மிசிசிப்பிக்கு விமானம் ஏற வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. நார்வேயில் நோட்டோடன் என்றொரு தொழிற்சாலை ஊர். பனியும் உரமும் தவிர ப்ளூஸுக்கான முகாந்திரம் ஒன்றும் கிடையாது. 1988 முதல் ஆகஸ்டில் அங்கே ப்ளூஸ் திருவிழா நடக்கிறது. கிளார்க்ஸ்டேலும் அதுவும் சகோதர ஊர்களாக ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. ஊர் சின்னதாக இருப்பதே முக்கியம். எந்த அட்சரேகை என்பது இரண்டாம்பட்சம். பெரிய இடத்துக்காரர்கள் சின்ன ஊரைச் செயற்கையாகச் செய்யப் பார்ப்பதுதான் வேடிக்கை. 1964-ல் பிரிட்டிஷ் டெலிவிஷன் ஒன்று மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை அமெரிக்கத் தெற்கு மாதிரி ஜோடித்து, பீப்பாய்களை உருட்டிவிட்டு, ஆடுகளையும் கட்டி வைத்து ப்ளூஸ் நிகழ்ச்சி எடுத்தது. ஓத்தா டர்னர் வீட்டில் ஆடு சாப்பாட்டுக்கு. மான்செஸ்டரில் ஆடு அலங்காரத்துக்கு. நல்லவேளையாக அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் கோட்டு மாட்டிக்கொண்டு ஈர பிளாட்பாரத்தில் இறங்கி, மழையைப் பற்றிய பாட்டையே எடுத்துவிட்டார். ஜோடனை எல்லாம் நனைந்து போன பிறகு நிகழ்ச்சி நிஜமாகிவிட்டது. சின்ன ஊரில் வருகிற மழைக்கு இந்த வேலையைச் செய்ய டெலிவிஷன் கம்பெனி தேவையில்லை.

ஆர்கன்சாவின் ஹெலினா ஊரில் இன்னொரு வகை உண்மைத்தனம். 1941-ல் அங்கே கேஎஃப்எஃப்ஏ வானொலியில் ஒரு மாவு விற்பதற்காக மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ப்ளூஸ் நிகழ்ச்சி தொடங்கினார்கள். மாவின் பெயர் கிங் பிஸ்கட். மவுத் ஆர்கன் வாசித்தவர் ரைஸ் மில்லர் என்பவர். ஆனால் ஏற்கெனவே சிகாகோவில் பிரபலமாக இருந்த சன்னி பாய் வில்லியம்சன் என்பவரின் பெயரை எடுத்துத் தமக்கு வைத்துக்கொண்டார். அசல் சன்னி பாய் உயிரோடு, ஹிட் பாட்டுகளோடு இருந்த காலத்திலேயே இது நடந்தது. 1986-ல் ஊர்க்காரர்கள் அந்த மாவின் பெயரிலேயே ஒரு திருவிழா ஆரம்பித்தார்கள். 2005-ல் அந்தப் பெயருக்கு வேறு இடத்திலிருந்து உரிமைச் சிக்கல் வர, சில வருஷம் பெயரை இழந்து அலைந்து, பிறகு திரும்பப் பெற்றார்கள். வேறொருவர் பெயரை எடுத்துக்கொண்ட இசைக்காரரால் புகழ்பெற்ற திருவிழாவின் பெயர் பறிபோனதில் ஒரு கணக்கு நேராகியிருக்கிறது. அங்கே கேலரி எதுவும் கட்டவில்லை. மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண்கரையின் புல்சரிவில் உட்கார்ந்து, கீழே இருக்கிற மேடையைப் பார்க்கிறார்கள். அரசாங்கம் வெள்ளத்துக்காகக் கட்டிய ஒரு பொருள் இவ்வளவு நல்ல அரங்கமாக அமைந்தது தற்செயல்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில்நுட்பம் ஒன்றே ஒன்று: எங்கே கை தட்டுவது. நாலு அடியில் இரண்டாவதும் நாலாவதும்தான் இந்த இசையின் இடம். முதலாவதிலும் மூன்றாவதிலும் தட்டினால் மேடையில் இருக்கிறவருக்குச் செருப்பில் கல் புகுந்த அவஸ்தை. பாடகர் தாஜ் மஹால், 1990-களில் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக் கச்சேரியில், கூட்டம் உற்சாகமாகத் தப்பு அடியில் தட்டுவதைக் கேட்டுப் பாட்டையே நிறுத்திவிட்டார். இது கறுப்பர் இசை, இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள் என்று அவர்கள் பாஷையையும் கலந்து எண்ணிக் காட்டி, கூட்டம் திருந்திய பிறகு மறுபடி ஆரம்பித்தார். பிரேமன் ஒன்றும் சின்ன ஊர் இல்லை. ஆனால் கைத்தட்டல் காதில் விழுகிற தூரத்தில் ஜனங்கள் இருந்தார்கள். ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேர் தப்பாகத் தட்டினால் பாடகர் விதியே என்று விட்டுவிடுவார். விளக்குகளும் திரைகளும் புகையும் நிமிடக் கணக்கில் அவருக்காகக் காத்திருக்கும். பிரேமன் கச்சேரி தட்டாகவும் வந்தது. அந்தப் பாடத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பார்த்தாயா, தட்டிலேயே கேட்கிறதே என்று ஒலித்தட்டுக்காரர்கள் இதை எனக்கு எதிராகத் திருப்பக்கூடும். கேட்கிறதுதான். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து எந்த அடியில் தட்டுகிறார்கள் என்று திருத்தத்தான் ஆளில்லை.